மின்சாரத்தால் தாடை எலும்பு வளருமா? முதலிடுவதற்கு முன் ஒரு கணக்கு

பல் விழுந்த இடத்தில் மின்சாரத்தின் மூலம் எலும்பை வளர்க்கும் உபகரணம் என்று கூறி, அதற்கு முகவராகும்படி உங்களை யாராவது அழைக்கலாம். இதில் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தைப் போடுவதே புத்திசாலித்தனம்.

உண்மையான பகுதி இதுதான். எலும்பு அழுத்தப்படும்போது அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. ஜப்பானைச் சேர்ந்த ஃபுகாடா, யசுடா ஆகியோர் 1957ல் இதை நிரூபித்தனர். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு தடிக்கிறது. நாம் மெல்லும் ஒவ்வொரு தடவையும் தாடை எலும்புக்கு இந்தத் தூண்டல் கிடைக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டால் அது நின்றுபோகிறது. முதல் வருடத்திலேயே அவ்விடத்து எலும்பின் அகலம் பாதியளவு வரை குறைந்துவிடலாம்.

வெளியிலிருந்து அளவோடு மின்தூண்டல் கொடுத்தால், எலும்பை உருவாக்கும் கலங்களுக்குள் கல்சியம் நுழைகிறது. கலங்கள் பெருகுகின்றன, வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரக்கின்றன. தேவைப்படும் மின்னோட்டமோ மிகச் சொற்பம். உடலுக்குள் பொருத்தும் சாதனங்களில் வழக்கமாக 20 மைக்ரோ அம்பியர், அதாவது ஓர் அம்பியரின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்குதான். அளவு மிஞ்சினால் அதே மின்சாரம் கலங்களைக் கொன்றுவிடும்.

இந்த முறை ஏற்கனவே வைத்தியத்தில் உள்ளது. பொருந்தாத எலும்பு முறிவுகளுக்கு மின்காந்தத் துடிப்புக் கருவியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979ல் அங்கீகரித்தது. முள்ளந்தண்டுச் சத்திர சிகிச்சைக்குப் பின்னரும் இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன.

பல் வைத்தியத்தில் நிலைமை வேறு. சுவீடன் நாட்டு பிரோனெமார்க் 1965ல் முதலாவது நோயாளிக்கு டைட்டேனியம் பல் வேரைப் பொருத்தினார். அந்த வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ள இன்றும் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கின்றன. மின்தூண்டல் இக்காலத்தைக் குறைக்குமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும் நல்ல பலன்கள் கிடைத்துள்ளன. மனிதரில் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். முடிவுகளும் ஒரே மாதிரியாக இல்லை. ஆகவே இது இன்னமும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. புதுப் பல்லே முளைக்கும் என்று சொல்பவரை நம்பவே வேண்டாம்; இங்கே பேசப்படுவது எலும்பு மட்டுமே.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கீகாரம் கால் எலும்புக்கா, தாடைக்கா? ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்குச் செல்லாது. எத்தனை நோயாளிகளில், எவ்வளவு காலம் பரிசோதித்தார்கள்? இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்ன எச்சரிக்கை தரப்பட்டுள்ளது?

இலங்கையில் 2015ம் ஆண்டின் 5ம் இலக்கச் சட்டப்படி மருத்துவ உபகரணங்கள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் இறக்கினால் சரக்கும் முடங்கும், முதலும் முடங்கும். அதைவிட, நம்பி வாங்கிய பல் வைத்தியரிடம் போகும் நல்ல பெயரை எந்த இலாபத்தாலும் ஈடுசெய்ய முடியாது.