நான்கு உள்ளங்கை ரப்பர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், போடிநாயக்கனூர் டயர் கடை ஒன்றில் அக்கா மகனோடு நின்றிருந்தேன். வாசலில் ஏலத்தோட்ட ஜீப் ஒன்று ஜாக்கியில் ஏறி நின்றது. அதன் பட்டன் டயர்ப் பள்ளங்களில் மலைச் செம்மண் அப்பியிருந்தது. பக்கத்தில் மருமகனின் ஹேட்ச்பேக், வாங்கி மூன்று வருடம் ஆனது. மாசி மாதம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் காரை ஓட்டிப் பார்க்க அவனுக்கு ஆசை.

"மாமா, ஸாஃப்ட் டயர் நாலு போட்டா கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம். போட்ரலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் குறுக்கே வந்தார். "போடலாம் தம்பி. அங்க ஒருநாள் ஓட்டுவ. மத்த நாளு போடிமெட்டுல மழை பேஞ்சா எதுல எறங்குவ?"

அந்த ஒரு கேள்விக்குள் டயர் விஞ்ஞானம் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது.

சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் நாளுக்கு 'ட்ராக் டே' என்று பெயர். கோப்பை கிடையாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டுவது, காரை ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது.

தமிழ்நாட்டுக்கும் வேகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத் தடம் வந்தது. அதில் 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டி, இளைஞர்களைப் பந்தயத்துக்குள் இழுத்து வந்த கோவைக்காரர் கரிவரதனின் நினைவாக வைத்த பெயர் அது. போடியிலிருந்து அங்கே போகச் சுமார் 200 கி.மீ. அதே டயரில்தான் போக வேண்டும், அதே டயரில்தான் திரும்ப வேண்டும்.

ஒரு தாளுக்குள் அடங்கும் கார்

கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,100 கிலோ கார். ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் சுமார் 130 சதுர செ.மீ. வருகிறது, ஓர் உள்ளங்கை அளவு. நான்கையும் சேர்த்து வைத்தாலும் ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் ஒன்றை நிரப்பாது. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் இந்த இடத்துக்குள்தான் நடக்கிறது.

போடியிலிருந்து மலையேறும் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 25 கி.மீ. வேகத்தில் திரும்பினால், காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசையை டயர் தாங்க வேண்டும். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவர்களின் வயிற்றைப் புரட்டுவது இந்த மூன்றில் ஒரு பங்குதான்.

பந்தயத் தடத்தில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 80 கி.மீ. வேகத்தில் திரும்பிப் பாருங்கள். இப்போது தேவைப்படும் விசை காரின் முழு எடைக்குச் சமம். உலர்ந்த தாரில் நல்ல சாலை டயரின் எல்லை ஏறக்குறைய அதுதான். சாதாரண டயர் அதற்கும் முன்பே கீச்சிட்டு வழுக்கத் தொடங்கும். ஆனால் வேகத்தை 80இலிருந்து 72 ஆகக் குறைத்தால் தேவைப்படும் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறி இறங்குவதே காரணம். விலை உயர்ந்த டயர் ஒரு வளைவில் வாங்கித் தருவது இந்த எட்டு கிலோமீட்டர் போன்ற ஒரு வித்தியாசத்தைத்தான். புதிதாக ஓட்டப் பழகுகிறவர் காலைச் சற்றுத் தூக்கினாலே அது கிடைத்துவிடும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது?

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் அழிரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மிருதுவான ரப்பர் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். கெட்டியானது வருடக்கணக்கில் வரும், தாளில் வழுக்கும். டயரின் கதையும் இதுவே.

ரப்பர் சாலையை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு நொடிக்கு நொடி ஒட்டி ஒட்டிப் பிரிவது. இன்னொன்று, ஜல்லியின் மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதிப்பது. அந்தத் தாமதத்தில் இழக்கப்படும் ஆற்றல் பிடிப்பாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது. அதனால் பிடிப்பு வேண்டுமென்றால் சூடும் வந்தே தீரும்.

எந்தச் சூட்டில் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் கலவையிலேயே முடிவு செய்துவிடுகிறார். சாலை டயர், மழை பெய்த விடிகாலையில் முதல் வளைவிலேயே பிடிக்க வேண்டும். பந்தயத்துக்கென்று செய்த கலவை, நாலைந்து சுற்று ஓடி நன்றாகச் சூடேறிய பிறகுதான் உயிர் பெறும். சாலை டயரைத் தடத்தில் விடாமல் விரட்டினால் மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். ஓரங்கள் அழுக்கு உருட்டியதுபோல் திரண்டு வரும். பந்தயக் கலவையைப் போடிமெட்டுச் சாலையில் முந்தல் சோதனைச் சாவடி தாண்டிக் குளிரில், ஈரத்தில் ஏற்றினால் மரக்கட்டைபோல் விறைத்துக்கொண்டு ஓடும்.

கடை வாசல் ஜீப்பின் டயர் இன்னொரு ஜாதி. பாரம் இழுக்கிற டயர்களில் இயற்கை ரப்பர் அதிகம். கல் கிழித்தாலும் தாங்கும், வளைந்து நெளியும்போது சூடு குறைவு. கார் டயரின் மேல்பாகத்தில் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் முக்கியம். இயற்கை ரப்பரின் கதையும் இந்த மலைச்சாலையிலேயே இருக்கிறது. போடிமெட்டைத் தாண்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு வழியாகக் கோதமங்கலத்தைத் தொடுகிறது. அதன் அருகே பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில்தான் 1902இல் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது. ஏலக்காய் குளிர்ந்த நிழலைத் தேடி மலைமேல் இருக்கிறது. ரப்பர் வெக்கை தேடி அடிவாரத்தில் நிற்கிறது.

டயர் மேலேயே எழுதியிருக்கிறது

டயரின் பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தப்பும். 185/65 ஆர்15 88 எச் என்றிருந்தால் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரேடியல் வகை, ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 'எச்' என்றால் 210 கி.மீ. வேகம் வரை, 'வி' என்றால் 240 வரை. கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த பாரக் குறியீட்டையோ வேகக் குறியீட்டையோ எந்தக் காரணத்துக்கும் போடக் கூடாது. நான்கு இலக்க எண் ஒன்று தனியே இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பல டயர்களில் 'ட்ரெட்வேர்' என்றும் ஓர் எண் உண்டு. அமெரிக்க விதி அது. டெக்சாஸ் சாலைகளில் சுமார் 11,600 கி.மீ. ஓட்டி, 100 என்று வைத்த ஓர் அளவு டயரோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் கணிப்பார்கள். எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வதால், ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 300ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடப் பயன்படும்.

ட்ராக் டேக்குப் போகிறவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, 300க்கும் மேல் ட்ரெட்வேர் உள்ள நல்ல சாலை டயர்: மழைக்கு ஆகும், வருடக்கணக்கில் வரும், தடத்தில் கொஞ்சம் கீச்சிடும். இரண்டாவது, 200 அல்லது அதற்கும் கீழே உள்ள செமி-ஸ்லிக்: பள்ளங்கள் குறைவு, உலர்ந்த தாரில் அருமை, தண்ணீரில் ஆபத்து, சீக்கிரம் மொட்டையாகிவிடும். மூன்றாவது, பள்ளமே இல்லாத ஸ்லிக்: சாலையில் ஓட்டக் கூடாது, லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கீச்சொலியைக் குறையாக நினைக்க வேண்டாம். சாலை டயர் எல்லையை நெருங்கும்போது முன்கூட்டியே குரல் கொடுக்கும், மெதுவாக வழுக்கும். செமி-ஸ்லிக் அதிகம் தாங்கும். விடும்போது சட்டென்று விடும். கற்றுக்கொள்கிறவருக்கு முன்னதுதான் நல்ல வாத்தியார்.

வினாடிக்கு ஒரு குடம்

3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் 185 மி.மீ. அகல டயர், வினாடிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். ஏறக்குறைய ஒரு குடம். அதற்குத்தான் பள்ளங்கள். விலக்க முடியாமல் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். ஸ்டீயரிங் கையில் காற்றாடும். பள்ளத்தின் அடியில் 1.6 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு திட்டு வைத்திருப்பார்கள். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மலைச்சாலைக்காரர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது.

தடத்தில் கதை தலைகீழ். புது டயரின் பள்ளம் 8 மி.மீ. அளவுக்கு ஆழமாக இருக்கும். உயரமான ரப்பர்க் கட்டைகள் வளைவில் சாய்ந்து நெளிந்து, அதிகம் சூடாகி, முனை பிய்ந்து போகும். 4, 5 மி.மீ.க்குத் தேய்ந்த டயரில் கட்டைகள் குட்டையாகிவிடுவதால் அசைவு குறைவு, சூடும் குறைவு. பாதி தேய்ந்த டயர்தான் தடத்துக்கு வசதி. முழுப் பள்ளமுள்ள டயர்தான் மழைக்கு வசதி.

காத்து எவ்வளவு?

காலை 30 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர், தடத்தில் ஓடி உள்ளே 80 டிகிரிக்கு ஏறினால் 37 பிஎஸ்ஐ காட்டும். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட, பிடிப்பு குறையும். அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சூட்டோடு அளந்து, கையேட்டு அளவைவிட நாலைந்து பிஎஸ்ஐ மட்டும் கூடுதலாக நிற்கும்படி இறக்குவார்கள். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு விடுங்கள். பக்கச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. தோளிலேயே அழியாமல் நின்றால் காற்று அதிகம்.

பலரும் மறப்பது இதற்குப் பிறகு வருவதை. சூட்டில் இறக்கிய டயர் ஆறியதும் காற்று கையேட்டு அளவுக்குக் கீழே போய்விடும். அப்படியே ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு 200 கி.மீ. நெடுஞ்சாலையில் போனால் பக்கச் சுவர் அதிகமாக நெளிந்து சூடேறும், வெடிக்கவும் செய்யும். கிளம்பும் முன் ஆறவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஆயிரம் மீட்டர் ஏறும்போது என்ன ஆகும் என்று மருமகன் கேட்டான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றளக்கும் மீட்டர் ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மேலே குளிர் என்பதால் ஒரு பிஎஸ்ஐ குறையும். இரண்டும் ஏறக்குறைய சரியாகிவிடும். மலைக்கென்று காற்றை இறக்க வேண்டியதில்லை.

டயரைவிட முந்துவது

120 கி.மீ. வேகத்தில் போகும் அதே 1,100 கிலோ காரை நிறுத்தினால் வெளியாகும் ஆற்றல், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பலமுறை பிரேக் பிடிக்க நேரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். டயருக்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்கு வழக்கமான பாலிசி பணம் தராது.

கடைக்காரர் அன்று ஆழமானியை எடுத்து மருமகனின் டயர்ப் பள்ளத்தை அளந்தார். நான்கிலும் 5 மி.மீ. சொச்சம். விரிசல் இல்லை, வீக்கம் இல்லை. "இதையே ஓட்டு" என்றார். வீல் அலைன்மென்ட் மட்டும் பார்த்துவிட்டு, வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினார்.

அதுவே என் முடிவும். வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் தடத்துக்குப் போகிறவர் செமி-ஸ்லிக் வாங்க வேண்டாம். இருக்கிற நல்ல சாலை டயர் பாதி தேய்ந்ததும், மழை இல்லாத தை முதல் பங்குனிக்குள் அதிலேயே தடத்தில் ஓட்டி முடியுங்கள். ஜூன் மழை போடிமெட்டைத் தொடும் முன் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். வருடத்துக்கு ஐந்தாறு முறைக்கு மேல் போகிறவர் மட்டும் ரிம்மோடு தனி செட் வைத்துக்கொள்ளலாம். மிச்சப்படும் பணத்துக்குப் புது பிரேக் ஆயில் ஊற்றுங்கள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பயிற்சியாளரை அமர்த்துங்கள். தடமானாலும் மலையானாலும், கிளம்பும் முன் காற்றை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.