மறதி: கோபப்படும் முன் புரிந்துகொள்வோம்

"லுஹர் தொழுதேனா?" என்று வீட்டுப் பெரியவர் அரை மணி நேரத்தில் மூன்று முறை கேட்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதே பெரியவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் நிக்காஹ்வுக்கு யார் யார் வந்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்வார். உடனே, "அது நினைவிருக்கு, இது மட்டும் மறந்துபோகுமா? வேண்டுமென்றே செய்கிறார்" என்கிறோம். முதியவர்களின் மனதை நோகடிக்கும் சொல் இது. உண்மையும் அல்ல. ஏன் என்பதை அறிய, நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நினைவு மூன்று படிகளில் நடக்கிறது: பதிதல், தங்குதல், திரும்ப எடுத்தல். எந்தப் படியில் தடை வந்தாலும் அதை நாம் மறதி என்றே சொல்கிறோம்.

முதல் படி பதிதல். இதற்குக் கவனம் வேண்டும். கைபேசியில் பேசிக்கொண்டே சாவியை எங்கோ வைத்தால் பிறகு கிடைக்காது. அது மறந்துபோகவில்லை, மனதில் பதியவே இல்லை. காது மந்தமானவர்கள் சொன்னதை "மறப்பதும்" பல சமயம் இப்படித்தான்.

இரண்டாவது தங்குதல். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. ஒரே நாளில் பல முறை படிப்பதைவிட, நாட்களைப் பிரித்துப் படிப்பது நன்றாகத் தங்குகிறது என்பதையும் அவர் கண்டார். ஹிஃப்ழ் மதரஸாக்களில் புதிய பாடத்துடன் பழைய பாடங்களையும் அன்றாடம் ஓதிக்காட்டச் சொல்வதில் இந்தப் பலன் இருக்கிறது. படித்தது மூளையில் உறுதிப்படத் தூக்கமும் தேவை. தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் பிள்ளைகளை விழிக்க வைப்பது நன்மையல்ல.

மூன்றாவது திரும்ப எடுத்தல். தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போகிறது. யாராவது முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடுகிறது. சரக்கு உள்ளே இருக்கிறது, எடுக்கும் வழிதான் கிடைக்கவில்லை. வயது கூடக்கூட இது சற்று அதிகமாவது இயல்பு.

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதில் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு பாகம் அகற்றப்பட்டது. அதன் பின் அவருக்குச் சிறுவயது நினைவிருந்தது. ஆனால் புதிதாக நடந்த நிகழ்வுகள் நினைவில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த அறிஞர் பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே பார்த்தார். பழைய நினைவும் புதிய நினைவும் மூளையில் ஒரே இடத்தைச் சார்ந்தவை அல்ல என்பது இதனால் தெளிவாயிற்று.

அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது இந்த ஹிப்போகேம்பஸைச் சுற்றிய பகுதியைத்தான். ஆகவே நிக்காஹ் நினைவிருக்கும். காலையில் சாப்பிட்டது தங்காது. அது நடிப்பல்ல, நோயின் அடையாளம்.

கண்ணாடியை வைத்த இடம் மறப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, நெடுநாள் செய்துவந்த சமையலின் முறை தெரியாமல் நிற்பது ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலிரண்டையும் இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அன்றே காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை அளவு இறங்கியதோ காரணமாக இருக்கலாம்.

அல்சைமரை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் வீட்டில் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. தொழுத வக்தைக் குறித்துவைக்க ஒரு சிலேட்டை மாட்டுங்கள். மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்த பெட்டியில் போட்டு, ஒருவர் கையால் கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை மறந்து இரண்டு முறை போட்டுக்கொள்வது ஆபத்து. சட்டைப் பையில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நமக்கு அது மூன்றாவது முறை. அவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.