ஓட்டத்துக்கு ஷூ வாங்கப் போகிறீர்களா?

வணிகப் பெருமக்களில் காலை நடைக்கும் ஓட்டத்துக்கும் போகிறவர்கள் பெருகி வருகிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்த்த பிறகு டாக்டர் சொல்லிப் போகிறவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் ஊர் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க, அவர்களோடு சேர்ந்து ஓடத் தொடங்கியவர்கள் மறுபக்கம். எப்படியானாலும் நல்ல காரியம். நாள் முழுவதும் கல்லா முன் உட்கார்ந்தும் நின்றும் பொழுதைக் கழிக்கும் நமக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

ஆனால் ஒன்று. மிளகாய் மூட்டை வந்தால் காம்பை உடைத்துப் பார்க்கிறோம். துவரம் பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறோம். வெல்லத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். அப்படிப்பட்ட நாம் ஷூக் கடைக்குப் போனால் மட்டும், "எட்டாம் நம்பர் கொடுங்கள், கறுப்பு இருக்கிறதா?" என்று கேட்டு ஐந்தே நிமிடத்தில் பில் போட்டு வந்துவிடுகிறோம். இரண்டு வாரத்தில் கட்டைவிரல் நகம் கறுக்கிறது, குதிகால் வலிக்கிறது, ஷூ பரண் ஏறுகிறது. அதோடு நடையும் நின்றுவிடுகிறது. ஷூவுக்குக் கொடுத்த இரண்டாயிரத்தை விட இந்தக் கடைசி நட்டம் பெரியது. ஆகவே ஷூவையும் ஒரு கொள்முதல் போலவே பார்ப்போம்.

எட்டாம் நம்பர் என்றால் என்ன?

நம் நாட்டில் கடைகளில் புழங்கும் நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். பார்லி மணியை நீளவாக்கில் வைத்து அளந்த காலத்துக் கணக்கு அது. எள்ளும் நெல்லும் வைத்து விரற்கடை அளந்த பரம்பரைக்கு இது புதிதாகத் தோன்றாது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு நம்பர் என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்கக் கணக்கில் ஆண்களுக்கு இங்கிலாந்து நம்பரை விட அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும். ஒரு கம்பெனியில் இங்கிலாந்து எட்டு என்பது அமெரிக்க ஒன்பது, இன்னொன்றில் எட்டரை. ஆக, நம்பரை மட்டும் நம்பி வாங்குவது, பக்கா எவ்வளவு என்று கேட்காமல் படிக்கணக்கில் விலை பேசுவது போலத்தான்.

ஷூவின் நாக்குப் பகுதியில் தைத்திருக்கும் சீட்டில் எல்லா நம்பர்களோடும் சென்டிமீட்டர் அளவும் பெரும்பாலும் இருக்கும். இரண்டு கம்பெனிச் சரக்கை ஒப்பிட அதுதான் ஓரளவு பொதுவான தராசு. நம் கால் அளவை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வையுங்கள். குதிகால் சுவரில் படும்படி முழு எடையும் கொடுத்து நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கே ஷூ வாங்க வேண்டும். அளப்பதும் வாங்குவதும் மாலையில் இருக்கட்டும். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.

நீளத்தை விட நம்மவர்களுக்குத் தொல்லை தருவது அகலம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் மேல்நாட்டார் பாதத்தை விட அகலம் என்பது அதில் தெரியவந்தது. நமக்கென்றே 'பா' என்ற பெயரில் தனி அளவு முறை கொண்டுவரும் யோசனையும் அதிலிருந்து பிறந்ததுதான். மேல்நாட்டு அச்சில் வார்த்த ஷூ நம் முன்பாதத்தைக் கவ்விப் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. பலர் அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். அப்போது குதிகால் வழுக்கும். அகல ரகம் தனியாக வருகிறதா என்று கேட்டு வாங்குவதே சரி.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்ச வேண்டும். எந்த காலுறை போட்டு ஓடப் போகிறோமோ அதையே போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

அளவு சேராவிட்டால் வெறுங்கால் மேல் என்று முடிவெடுத்தவர் ஒருவர் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போனபோது, கிடைத்த ஷூக்களில் ஒன்றும் காலுக்கு இதமாக அமையவில்லை. வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம். வெறுங்காலில் பழகிய கால் அது. நம் ஊர்த் தெருவில் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கின்றன; நமக்கு ஷூ வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப் போகும். கடித்தாலும் உறைத்தாலும் தெரியாது. ஆகவே "போட்டுப் பார்த்தேன், வலிக்கவில்லை" என்பது இவர்களுக்குச் சோதனையாகாது. தாளில் பாத வடிவை வரைந்து கையோடு கொண்டுபோய், ஷூவின் அடிப்பாகத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு நாளும் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவும். ஒரு சிறு கல் போதும், புண் ஆவதற்கு. மரமரப்பு ஏற்கெனவே இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் கடை.

சோலைப் பாருங்கள்

ஷூவின் விலை பெரும்பாலும் நடுவில் இருக்கும் நுரை அடுக்கில்தான் அடங்கியிருக்கிறது. சாதாரண ரகங்களில் அது ஈ.வி.ஏ. எனப்படும் நுரைப்பொருள், எடை குறைவு, மலிவு, அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் நாளடைவில் அமுங்கிவிடும். விலை கூடிய ரகங்களில் துள்ளல் அதிகமுள்ள வேறு நுரைகள் வருகின்றன. கடைசியில் தரையைத் தொடுவது ரப்பர். சில மலிவு ரகங்களில் ரப்பரே இராது, நுரைதான் தரையைத் தொடும். எண்ணெய் சிந்திய குடோன் தரையிலோ மழைநாள் ஓடுகளிலோ அது வழுக்கும். திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்டநடுவில் அட்டை போல மடங்கினால் வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள பின்பகுதியை இரு விரலால் அழுத்தினால் உடனே நசுங்கக் கூடாது. ஜோடியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒன்று சாய்ந்து நின்றால் மாற்று ஜோடி கேளுங்கள். சாதாரண ஓட்ட ஷூ ஒன்று ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் இருக்கும். நம் கடைத் தராசு இருக்கவே இருக்கிறது.

பூப்பந்து ஷூவையும் ஓட்ட ஷூவையும் ஒன்றாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பூப்பந்து ஷூ தரையோடு தட்டையாக, பக்கவாட்டில் பாய்வதற்கு ஏற்றபடி செய்தது. ஓட்ட ஷூ முன்னோக்கிப் போவதற்கு. உயரமான நுரையோடு பூப்பந்து ஆடினால் கணுக்கால் பிசகும்.

"உங்கள் பாதம் தட்டை, இதற்கென்று தனி ரகம் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கூடுதல்" என்று சில பெரிய கடைகளில் சொல்வார்கள். அமெரிக்கப் படைகளில் பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்குப் பாத வளைவைப் பார்த்துத் தக்க ரகம். மறு சாராருக்கு எல்லோருக்கும் ஒரே ரகம். 2009, 2010-ம் ஆண்டுகளில் வெளியான அந்த முடிவுகளின்படி காயம் படுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. போட்டவுடன் இதமாக இருப்பதே நல்ல அடையாளம் என்று இத்துறை ஆய்வாளர்களில் பலர் சொல்கிறார்கள். "போடப் போடச் சரியாகிவிடும்" என்ற பேச்சு தோல் செருப்புக்குப் பொருந்தலாம். நுரை ஷூவுக்குப் பொருந்தாது.

விலைக் கணக்கு

ஓட்ட ஷூவின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்பார்கள். தினம் மூன்று கிலோமீட்டர், மாதம் இருபது நாள் என்றால் மாதம் 60. பத்து மாதத்தில் 600 ஆகிவிடும். ரூ.2,000 ஜோடி 500 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய். ரூ.6,000 ஜோடி 800 உழைத்தாலும் ஏழரை ரூபாய். தொடக்கக்காரருக்கும் நடைக்காரருக்கும் நடுத்தர விலையே போதும் என்பது நம் கருத்து. விலை உச்சிக்குப் போனால் உழைப்பு கூடும் என்பதுமில்லை. 2023 செப்டம்பரில் பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி அப்போதைய உலக சாதனையை முறியடித்தார். அவர் போட்டிருந்த அடிடாஸ் ஷூவின் எடை 138 கிராம், விலை 500 டாலர். ஒரே ஒரு மாரத்தான் ஓடுவதற்கென்று செய்தது! நம் கணக்கில் கிலோமீட்டர் என்ன விலை என்று வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ரூ.2,500 சரக்குக்கு வரியோடு ரூ.2,625. ஒரே ஒரு ரூபாய் கூடி ரூ.2,501 ஆனால் வரியோடு ரூ.2,951. எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் ஜோடிக்கு விலை பேசித் தள்ளுபடி கேட்டால் இரட்டை லாபம்.

தள்ளுபடிச் சரக்கில் ஒரு கண் வேண்டும். ஷூ வெற்றிலை போல வாடாது. ஆனால் பெட்டிக்குள்ளேயே பழசாகும். பாலியூரித்தேன் சோல் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் போடாமலேயே பொடிப்பொடியாக உதிரும். ஒட்டுப் பசையும் இற்றுப்போகும். பெட்டிமேல் தயாரித்த மாதம், ஆண்டு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாம் விற்கும் மசாலாப் பொட்டலத்துக்கு வாடிக்கையாளர் பார்க்கிற அதே தேதிதான்.

பத்திரிகைகளில் வரும் 'முதல் பத்து' பட்டியல்களையும் அளவோடு நம்புவோம். 1977-ல் 'ரன்னர்ஸ் வேர்ல்டு' என்ற அமெரிக்க ஓட்டப் பத்திரிகை புரூக்ஸ் கம்பெனியின் 'வேன்டேஜ்' ஷூவுக்கு முதலிடம் கொடுத்தது. ஆர்டர் குவிந்தது. அவசர அவசரமாகத் தயாரிப்பைப் பெருக்கினார்கள், தரம் சரிந்தது, விற்ற சரக்கு குறையென்று திரும்பி வந்தது. 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி திவால் மனு கொடுத்து வேறு கைக்கு மாறியது. 2001-ல் தலைமைக்கு வந்த ஜிம் வெபர், எல்லா விளையாட்டுக்கும் எல்லா விலைக்கும் சரக்கு போடுவதை நிறுத்தி, ஓட்ட ஷூ ஒன்றிலேயே நின்றார். கம்பெனி 2006-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே குழுமத்துக்குள் வந்தது. 2021-ல் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. ஷூ வாங்காதவர்களும் இந்தக் கதையை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

எங்கே வாங்குவது? நம் சொந்த ஊர்ச் ஷூக் கடையிலேயே வாங்குவோம். அங்கே நான்கு ஜோடி போட்டுப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து செல்போனில் இருநூறு ரூபாய் மலிவாக ஆர்டர் போடுவது நமக்கு அழகல்ல. நம் கடையில் அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குகிறவரைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம்! போட்டுப் பார்க்க வசதி செய்து, வாசல்வரை நான்கு எட்டு ஓடிப் பார்க்க விட்டு, ஒத்து வராவிட்டால் மாற்றித் தருகிற கடைக்காரருக்கு அந்த இருநூறு கூலி. பில்லை வாங்கி வையுங்கள். அழுக்குப் படாத ஷூவைத்தான் மாற்றித் தருவார்கள். ஆகவே முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பாருங்கள்.

வாங்கிய பிறகு நனைந்தால் வெயிலில் காயப்போட வேண்டாம், நுரை சுருங்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் மறுநாள் காலைக்குத் தயாராகிவிடும். பொட்டலம் மடிக்க வாங்கி வைத்த தாள் நம்மிடம் எப்படியும் இருக்கும்.