மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்... தண்ணீர் வருகிறதா என்று யார் சொல்வது?

சித்திரை மாதம், மதுரையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் இலை போடுவதற்குள் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பருக்கு அடித்தார். இரண்டு ரிங் போனதும் கட்.

"யாருக்கு பெரியப்பா?"

"மோட்டாருக்குத்தாம்ப்பா. கரண்டு வந்திருக்கும். மல்லிகைக்குத் தண்ணி பாயணும்ல."

அவருடைய தோட்டம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, கரிசலுக்குள் இருக்கிறது. அடுத்த நிமிடமே 'மோட்டார் ஆன்' என்று பதில் மெசேஜ் வந்தது. பக்கத்து இலைக்காரர்கூட எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். சாயங்காலம் ஊர் திரும்பிப் போய்ப் பார்த்தால், பாத்தி பாதிகூட நனையவில்லை. போர்வெல்லில் தண்ணீர் வற்றிவிட்டது. மோட்டார் மட்டும் மணிக்கணக்கில் வெறுமனே ஓடி, காயில் கருகிப் போயிருந்தது. பைப்பை வெளியே உருவ ஆள்கூலி, காயில் கட்டக் கூலி, நடுவில் தண்ணீரில்லாமல் வாடிய செடி என்று அந்த மாதம் முழுக்க செலவுதான்.

அந்தப் பெட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மோட்டார் ஆன் என்றது. மோட்டார் ஆனில்தான் இருந்தது. பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு விஷயம்.

கடலே இல்லாத ஊரில் படகுப் பேச்சு எதற்கு?

தூரத்திலிருந்து ஒரு கருவியைக் கம்பியில்லாமல் இயக்கும் வித்தையின் ஆரம்பகாலக் காட்சிகளில் ஒன்று படகில்தான் நடந்தது. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சின்ன இரும்புப் படகு ஒன்றை மிதக்கவிட்டார் நிகோலா டெஸ்லா. கம்பி கிடையாது. கரையில் நின்றபடியே ரேடியோ அலையால் அதன் சுக்கானைத் திருப்பினார், விசிறியை ஓட்டினார், விளக்குகளை அணைத்து எரியவிட்டார். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கூட்டத்தில் ஒருவர் 64-ன் கனமூலம் என்ன என்று படகைக் கேட்க, அதன் விளக்கு நான்கு முறை மின்னியதாகச் சொல்வார்கள். மின்னவைத்தது டெஸ்லாதான். ஆனால் கரையில் நின்றவர்களுக்குப் படகு பதில் சொன்ன மாதிரி இருந்தது.

டெஸ்லாவுக்குப் படகு கண்ணெதிரில் இருந்தது. சுக்கான் திரும்பியதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். படகு கண்ணை விட்டு மறைந்துபோனால்தான் சிக்கல் ஆரம்பம். மதுரைப் பந்தியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே சிக்கல்தான்.

இன்று வெளிநாடுகளில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே போனில் படகின் பேட்டரி, விளக்கு, ஃபிரிட்ஜ், அடித்தட்டுத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், இயக்குகிறார்கள். படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள என்எம்இஏ 2000 என்றொரு பொதுத் தரம் இருக்கிறது. உங்கள் காருக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் 'கேன் பஸ்' முறையின் உறவுக்காரர்தான் அது. இந்தத் தகவல்களைப் போனுக்கும் கணினிக்கும் கொண்டுவர 'சிக்னல் கே' என்ற திறந்த மூல ஏற்பாடு உண்டு. உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை கணினியில்கூட அது ஓடும்.

வெளிப்பூச்சை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது நம்மூர் மோட்டார் பெட்டியேதான். அதில் ஒரு சிம் கார்டு, அழைப்பைப் புரிந்துகொள்ளும் ஒரு சின்னச் சுற்று, ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்பு பட்டன்களுக்குப் பதிலாக அழுத்தும் ரிலே. இந்தியாவில் இந்த யோசனையை முன்கூட்டியே பிடித்தவர்களில் புனே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் ஒருவர். அவர் உருவாக்கிய 'நானோ கணேஷ்' கருவிக்குப் பின்னால், மோட்டார் போட இரவில் வயலுக்கு நடந்த அவருடைய தாத்தா இருக்கிறார். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று காத்திருந்து, டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நமக்கெல்லாம் ஆப் என்பது வசதி. அவர்களுக்கு அது தூக்கம்.

ஆனில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

மலிவான பெட்டி எதைப் பார்த்து 'ஆன்' என்று சொல்கிறது? தான் ரிலேவை அழுத்தியதை வைத்து. கொஞ்சம் நல்ல பெட்டி, மூன்று ஃபேஸிலும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும். ஒரு ஃபேஸ் போய் மற்ற இரண்டில் மோட்டார் திணறினால் நிறுத்திவிடும். அதைவிட நல்ல பெட்டி, மோட்டார் எவ்வளவு கரண்டை இழுக்கிறது என்று அளக்கும்.

முக்கியமான இடம் இதுதான். தண்ணீரை மேலே தள்ளும்போது மோட்டாருக்குச் சுமை அதிகம். வழக்கமாக 11 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். போர்வெல் வற்றியதும் தள்ள ஒன்றுமில்லை, சுமை குறைகிறது, ஆம்பியரும் சட்டென இறங்குகிறது. சுமை குறைந்தால் மோட்டாருக்கு நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிரவைப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் நின்றால் சூடு தங்கிவிடும். அந்த ஆம்பியர் இறக்கத்தைக் கவனித்து மோட்டாரை நிறுத்துவதைத்தான் கடைக்காரர்கள் 'டிரை ரன் பாதுகாப்பு' என்கிறார்கள். பெரியப்பாவின் பழைய பெட்டியில் அது இல்லை. அல்லது இருந்தும் செட் செய்யப்படவில்லை. மாட்டிய எலக்ட்ரீஷியனுக்கும் அவருக்கும் இன்றுவரை அதில் வாக்குவாதம்.

இதையே தலைகீழாக்கினால் படகு. வயலில் தண்ணீர் வராவிட்டால் கவலை. படகில் வந்தால் கவலை. மரப்படகின் இணைப்புகள் வழியே, விசிறித் தண்டு வெளியேறும் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசிந்து அடித்தட்டில் சேரும். அதை வெளியேற்ற ஒரு பம்ப், தண்ணீர் ஏறினால் தானே இயங்க மிதவை சுவிட்ச். ஆள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பழுது பார்க்கக் கரையேற்றிய படகுகள் போக, மற்றவை ஆளின்றிக் கட்டிக் கிடக்கும்.

12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் சின்ன பம்ப் ஒன்று நிற்காமல் ஓடினால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 25 மணி நேரத்தில் காலி. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். பேட்டரி போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் கசிவு ஜெயிக்கும். இந்த நேரத்தில் போனில் 'பம்ப் ஆன்' என்று தெரிவது ஆறுதல் போல இருக்கும். உண்மையில் அதுதான் கெட்ட செய்தி.

அதனால் விவரம் தெரிந்த படகுக்காரர்கள் ஆன் பட்டனைவிட ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள்: இன்று பம்ப் எத்தனை முறை ஓடியது? தினமும் இரண்டு முறை ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று பன்னிரண்டு முறை ஓடினால், எங்கோ ஓட்டை பெரிதாகிறது. படகு மூழ்குவதற்குப் பல நாள் முன்பே அந்த எண் சொல்லிவிடும்.

எதைத் தூரத்திலிருந்து தொடக் கூடாது?

விளக்கு, ஃபிரிட்ஜ், பம்ப் சரி. இன்ஜினை வீட்டிலிருந்து ஸ்டார்ட் செய்யலாமா? முடியும். செய்யக் கூடாது. மீன்பிடிப் படகின் விசிறியில் வலையோ கயிறோ சிக்குவது சாதாரணம். ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கி அறுத்துவிடுவார். அவர் அடியில் இருக்கிறார் என்பது கரையில் போன் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

கிணற்று மேட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது, நாம்தான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மின்சாரம் வந்ததும் தானே ஓடட்டும் என்று 'ஆட்டோ'வில் போட்டுவிடுகிறோம். பெல்ட்டையோ ஒயரையோ ஒருவர் தொட்டுக்கொண்டிருக்கும்போது, வேறு ஊரிலிருந்து வீட்டில் இன்னொருவர் கால் அடித்தால்? வேலை பார்ப்பவர் முதலில் மெயினை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் ரிமோட்டைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இதற்கு ஆப் கிடையாது.

பெரிய கப்பல்களில் இந்தக் கேள்வி இன்னும் சூடாக ஓடுகிறது. 2017 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தை ஒட்டிய வட கடலில் இருந்த 'ஹைலேண்ட் சீஃப்டன்' என்ற கப்பலை, சுமார் 8,000 கி.மீ. தள்ளி அமெரிக்காவின் சான் டியாகோவில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியே இயக்கிக் காட்டியது பின்லாந்தின் வார்ட்சிலா நிறுவனம். கட்டளை போவது அதில் பாதி வேலைதான். கப்பலின் நிலை, வேகம், காற்று எல்லாம் நொடிக்கு நொடி திரும்பி வந்ததால்தான் அது சாத்தியமானது.

நம் மீனவர்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது பாதி மட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் திரண்டபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் அறுந்துவிடும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் அங்கே செயற்கைக்கோள் வழியே இரு பக்கமும் செய்தி கடத்துகிறது. படகு எங்கே என்று கரைக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை, கடல் எல்லை எச்சரிக்கை படகுக்குப் போகும். ஆபத்தென்றால் மீனவர் பட்டனை அழுத்தலாம். ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது. இதில் கரையிலிருந்து இன்ஜினை நிறுத்தும் வசதி கிடையாது. என்னைக் கேட்டால் அதுதான் சரி. படகில் ஆள் இருக்கும்போது அவருக்குத் தேவை தகவல். முடிவை அவர் எடுத்துக்கொள்வார்.

வாங்கப் போகிறீர்களா?

ஊரில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போடும் யோசனை இருந்தால், ஆப் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஆம்பியரை அளக்கிறதா, டிரை ரன்னில் நிற்குமா, நின்றதும் மெசேஜ் வருமா, நீங்கள் சேர்த்த நம்பர்களுக்கு மட்டும்தான் கீழ்ப்படியுமா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்து, மோட்டார் கெட்டுவிட்டதென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். அந்த நம்பரின் கடைசித் தேதியை உங்கள் போனில் குறித்துவையுங்கள்.

தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் தருகிறது. திட்டம் அறிவிக்கப்பட்டபடி சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். இந்த ஆண்டு நிலவரத்தை அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பா இப்போது ஆம்பியர் பார்க்கும் பெட்டிக்கு மாறிவிட்டார். தண்ணீர் வற்றினால் அதுவே நிறுத்தி, எத்தனை நிமிடம் ஓடியது என்று மெசேஜ் அனுப்புகிறது. அவர் அதைத் தினமும் நாள்காட்டித் தாளின் மூலையில் எழுதிவைக்கிறார். பங்குனியில் 55, 50 என்று இருந்தது, வைகாசியில் 30-க்குக் கீழே வந்துவிட்டது. போன வாரம் போனில் பேசும்போது, "மல்லிகையில பாதியத்தான் இந்த வருசம் காப்பாத்த முடியும் போலப்பா. எந்தப் பாதின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.