மாத்திரை விலை ஒரு டீ காசு! கடல் கடந்தால் கிடைப்பது பெரும்பாடு!

எய்ட்ஸ் கிருமியுடன் அயல்நாட்டில் பிழைப்பவர்கள் திண்டாட்டம்

பிழைக்கப் போன ஊரில் ஜுரம் வந்தால் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் இருப்பது தெரிந்தால்?

மருந்து உண்டு. தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே உழைக்கலாம். கல்யாணம் செய்து குழந்தை பெற்று, பேரப் பிள்ளையையும் எடுக்கலாம். அடிக்கடி நாள் தவறினால் மட்டும் வினை. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் அந்த மாத்திரை வெறும் சுண்ணாம்புக் கட்டி மாதிரிதான்!

உள்ளூரில் இருப்பவருக்குக் கவலையில்லை. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இதை இலவசமாகவே தருகிறார்கள். முதன்முதலில் கொடுக்கத் தொடங்கிய 8 ஆஸ்பத்திரிகளில் நம்ம தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் கதைதான் வேறு.

விலை விழுந்த கதை

2000-ம் ஆண்டு வாக்கில் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்து மருந்து 10 ஆயிரம் டாலருக்கும் மேல். ஏழை நாடுகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா கம்பெனியின் தலைவர் யூசுப் ஹமீது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை, வருஷத்துக்கு 350 டாலர் விலையில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஆடிப்போயின.

இது எப்படி முடிந்தது? இந்தியாவின் 1970-ம் வருஷத்து காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் உரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் யாரும் கேட்க முடியாது. 2005 வரை இந்தச் சட்டம் நீடித்தது. அதற்குள் நம்ம கம்பெனிகள் கைதேர்ந்துவிட்டன.

இன்றைக்கு ஏராளமான நாடுகளில் கொடுக்கும் மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஏழை நாடுகளுக்காக குளோபல் பண்ட் அமைப்பு 2023-ல் இதை மொத்தமாக வாங்கிய விலை ஆளுக்கு வருஷத்துக்கு 45 டாலருக்கும் கீழே. நம்ம காசில் நாளொன்றுக்குப் பத்து ரூபாய். டீக்கடையில் ஒரு டீ அதைவிட ஜாஸ்தி!

ஆனால் இது மொத்த விலை. தனி ஆள் கடைக்குப் போய்க் கேட்டால் இந்த விலைக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் காப்புரிமை உள்ள புது மாத்திரைக்கு ஒரு மாசத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். இன்சூரன்ஸ் இல்லாதவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாங்காக்கில் என்ன நடக்கிறது?

தாய்லாந்தைப் பார்த்தால் இந்த விவகாரம் முழுக்க விளங்கிவிடும். வெளிநாட்டவர் லட்சக்கணக்கில் வாழும் தேசம் அது. பக்கத்து பர்மா, கம்போடியா, லாவோசிலிருந்து கட்டட வேலைக்கும் மீன்பிடி வேலைக்கும் வந்தவர்கள் ஒருபுறம். பென்ஷன் பணத்தில் காலம் தள்ளும் வெள்ளைக்காரர்கள், இங்கிலீஷ் வாத்தியார்கள் மறுபுறம்.

தாய்லாந்துக் குடிமக்களுக்கு மருந்து அரசு செலவில் கிடைக்கிறது. அன்னிய தேசத்துத் தொழிலாளிகளுக்காக காசு கட்டிச் சேரும் இன்சூரன்ஸ் அட்டை ஒன்று உண்டு. 2013-ல் எச்.ஐ.வி. மருந்தையும் அதில் சேர்த்தார்கள். அட்டை உள்ளவருக்கு மருந்து. அட்டை எடுக்கப் பயந்து ஒளிந்து திரிபவருக்கு? கையை விரிப்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், சித்தாள் வேலைக்கு வந்த பர்மாக்காரருக்கு இருக்கும் இந்த அட்டை, கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரருக்குக் கிடையாது. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளோ, ஏற்கனவே இருக்கிற வியாதி என்று பெரும்பாலும் கதவைச் சாத்திவிடும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில்லைப் பார்த்தே மயக்கம் வரும்.

அவர்கள் தேடிப்போகும் இடம் ராஜதமரி சாலையில் உள்ள தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ‘பெயரில்லா கிளினிக்’. 1991-ல் தொடங்கியது. ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் சொல்ல வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று ஆரம்பித்ததால் இந்தப் பெயர். வெளிநாட்டவரும் காசு கட்டி இங்கே சிகிச்சை பெறலாம். தனியார் ஆஸ்பத்திரியோடு பார்த்தால் செலவு ரொம்பக் குறைச்சல்.

விலை குறைந்ததற்கும் காரணம் இருக்கிறது. 2006 நவம்பரில் தாய்லாந்து அரசு எபாவிரன்ஸ் என்ற மருந்தின் காப்புரிமையை ஓரங்கட்டி, கட்டாய லைசென்ஸ் போட்டது. அமெரிக்கக் கம்பெனி குய்யோ முறையோ என்று கத்தியது. பாங்காக் அசையவில்லை. 2007-ல் மலிவுச் சரக்கு வந்து இறங்கியது. எங்கிருந்து? இந்தியாவிலிருந்துதான்!

லண்டனில் மாறிய சட்டம்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் விசித்திரமான ஏற்பாடு. உரிமை இல்லாத வெளிநாட்டவருக்குப் பரிசோதனை இலவசம். ‘உனக்குக் கிருமி இருக்கிறது’ என்று சொல்வதற்குக் காசில்லை. மருந்து கேட்டால் பில் நீட்டுவார்கள்!

2012 அக்டோபரில் இதை மாற்றி, விசா எதுவானாலும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம் என்று ஆக்கினார்கள். இரக்கம் மட்டும் காரணமில்லை. மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து துணைக்குக் கிருமி பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நிரூபித்திருந்தது. பல நாடுகளில் நடந்த அந்த ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்திலும் அது நடந்தது. ஒரு ஆளுக்கு மருந்து கொடுத்தால் ஊருக்கே பாதுகாப்பு என்று கணக்குப் போட்டது லண்டன்.

நம்ம ஆட்கள் போகும் ஊர்களில்...

வளைகுடாவில் கணக்கு வேறு. ஏறும் முன்னே இங்கேயே மெடிக்கல். கிருமி இருந்தால் ‘அன்பிட்’. அங்கே போன பிறகு தெரிந்தால், ஆளைப் பிடித்து பிளேன் ஏற்றிவிடுவார்கள். என்ன காரணம் என்றுகூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பிய சம்பவங்கள் உண்டு. சிங்கப்பூர் 2015-ல் குறுகிய காலம் வந்து போகிறவர்களுக்கான தடையை நீக்கியது. வேலை பாஸுக்கு அந்தச் சலுகை கொடுக்கவில்லை.

இதனால் என்ன ஆகிறது? வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்துப் போன ஒருவர், விஷயத்தை மூடி மறைக்கத்தான் பார்ப்பார். ஊரிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிடும். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். மிச்சமிருப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு இழுத்துப் பார்ப்பார். கிருமிக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறு இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரசும் சேர்ந்து இருந்தால், இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது கல்லீரலுக்கே ஆபத்து.

சம்பளம் பெரிசாக இருந்தாலும் இந்த வியாதிக்காரருக்கு அந்த ஊர் ஒத்துவராது என்பதே உண்மை. போகத்தான் வேண்டுமென்றால், சிகிச்சை தரும் நாடா என்று பார்த்துப் போவது உயிருக்கு நல்லது.

புறப்படும் முன்...

வெளிநாடு போவதை அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடம்பு நிலையாக இருப்பவர்களுக்குப் பல மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அம்போ! பார்சலில் வரவழைக்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் வாரக்கணக்கில் கிடக்கும்.

டாக்டர் சீட்டில் கம்பெனி வைத்த பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரையே எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் என்று இருந்தால் பாங்காக் டாக்டருக்கும் புரியும், லண்டன் டாக்டருக்கும் புரியும்.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற அரசு நம்பருக்கு இந்தியாவுக்குள்ளிருந்து போன் செய்யலாம். காசு கிடையாது.