நல்ல நாட்களின் வைத்தியம்

பெரியப்பாவுக்கு முதலில் போவது தூக்கம்தான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வயலுக்குப் போய்விடுவார்; விடிவதற்குள் திரும்பி வந்து தெருவையே எழுப்புவார். களைப்பு என்பதே இருக்காது. மேட்டு நிலத்துக்குக் காவிரித் தண்ணீரை ஏற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்புவார். மோட்டாருக்கு, குழாய்க்கு, ஆளுக்கு என்று கையில் இருக்கும் பணத்தோடு வட்டிக்கு வாங்கிய பணத்தையும் அச்சாரமாகக் கொடுத்துவிட்டு வருவார். பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். குறுக்கே பேசினால் கை நீளும். 1970களில், குளித்தலைப் பக்கத்து எங்கள் ஊர் இதைக் கிறுக்கு என்றது. பெரியம்மா பிறந்த வீட்டார் செய்வினை என்றார்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் வைத்தியம் தொடங்கும். முதலில் கட்டிப்போடக் கயிறு. பிறகு மந்திரிப்பு, தாயத்து. ஆற்றுக்கு அக்கரையில் குணசீலம். மனம் கலங்கியவர்களைப் பிரசன்ன வெங்கடாசலபதி சன்னதியில் ஒரு மண்டலம், 48 நாள், வைத்திருப்பது அங்கே பல தலைமுறை வழக்கம். அங்கும் இருந்தார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மயக்க மருந்து கொடுக்காமலே மின் அதிர்ச்சி வைத்தார்களாம். நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டதை அப்பா சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

ஒவ்வொரு வைத்தியமும் பலித்தது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. இருமுனைக் கோளாறில் வரும் இந்த மன எழுச்சி, மருந்தே கொடுக்காவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக இறங்கக்கூடியது. இறங்குகிற சமயத்தில் யார் கையில் ஆள் இருந்தாரோ அவருக்குப் பேர் கிடைத்துவிடும். தாயத்துக் கட்டியவருக்கும் கிடைத்தது, கரண்ட் வைத்தவருக்கும் கிடைத்தது. "தெளிஞ்சுட்டார்" என்று ஊருக்குக் கூட்டி வருவார்கள். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

தெளிந்ததாகச் சொன்ன அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பல மாதம் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். சவரம் இல்லை, சாப்பாட்டில் மனமில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டில் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்கள். கத்தவில்லை, அடிக்கவில்லை, கடன் வாங்கவில்லை, வேறென்ன வேண்டும்? அந்தப் படுக்கையும் அதே நோய்தான். அதன் ஆபத்தான பாதியே அதுதான் என்று சொல்ல ஆளில்லை. இந்த நோயில் உயிரைப் பறிக்கும் எண்ணங்கள் பெரும்பாலும் வருவது அந்தச் சோர்வு நாட்களில்தான். பிறகு அதுவும் விலகும். ஓராண்டு, ஈராண்டு எல்லோரையும் போல் உழுவார், சந்தைக்குப் போவார், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவிழா பார்ப்பார். அந்த நாட்களில் அவருக்கு வைத்தியம் எதுவும் கிடையாது. நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு மருந்து?

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் எனக்கு அந்தக் கேள்விக்குள்தான் தெரிகிறது.

மருந்து என்னவோ அப்போதே இருந்தது. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னை ஒட்டிய பண்டூராவில் மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஜான் கேட், மன எழுச்சியில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்து, 1949 செப்டம்பரில் அதை மருத்துவ இதழில் எழுதினார். அவருடைய முதல் நோயாளி ஐந்து ஆண்டுகளாகத் தணியாத எழுச்சியில் இருந்தவர். சில வாரங்களில் அடங்கினார், சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். நன்றாகிவிட்டோம் என்று மருந்தை விட்டார், பழையபடி ஆகித் திரும்பி வந்தார். மறுபடி கொடுத்தார்கள். எவ்வளவு கொடுத்தால் நஞ்சாகும் என்று அளந்து பார்க்க அப்போது வழியில்லை. 1950இல் அவர் லித்தியம் உடம்பில் மிகுந்து இறந்துபோனார். மருந்தை நிறுத்துகிற ஆபத்து, மருந்து மிகுகிற ஆபத்து இரண்டும் அந்த முதல் மனிதரின் கதையிலேயே இருக்கின்றன. இன்று இந்த மாத்திரையை விழுங்குகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறார்கள்.

இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கும் முறை வந்த பிறகுதான் அது நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்தானது. அதற்கும் மேலான திருப்பம் டென்மார்க்கில் நடந்தது. பவுல் கிறிஸ்டியன் பாஸ்ட்ரப், மோகன்ஸ் ஷவ் என்ற இரு மருத்துவர்கள், விடாமல் லித்தியம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று 1967இல் எழுதினார்கள். ஷவின் சொந்தத் தம்பிக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. லித்தியம் அவர் வாழ்க்கையை மாற்றியது. வெறி ஏறியவரை அடக்குவதற்கு என்றிருந்த மருந்து, ஏறாமல் காப்பதற்கும் என்றானது அப்போதுதான். அதாவது, நன்றாக இருக்கிற நாளில் சாப்பிட வேண்டிய மருந்து. அந்தச் செய்தி எங்கள் ஊர்த் திண்ணை வரை வந்து சேரவில்லை. பெரியப்பா அதற்குள் போய்விட்டார்.

என் சித்தப்பா மகளுக்கு இது வந்தபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் அப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அவளுக்கு முதலில் வந்தது சோர்வு. அதற்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள், சில வாரத்தில் எழுச்சி தலைக்கேறிவிட்டது. சோர்வுக்கான மருந்தைத் தனியாகக் கொடுத்தால் இந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படி நேரக்கூடும். அதனால்தான் சோர்வென்று வருகிறவரிடம், "முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் உற்சாகமாக இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்பது அவ்வளவு முக்கியம். அடுத்த மருத்துவர் கேட்டார். வீட்டில் யாரும் பேசாத பெரியப்பா கதையை அன்றைக்குத்தான் சித்தி வாய்விட்டுச் சொன்னார்.

இப்போது அவள் திருச்சியில் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவள் வைத்தியத்தைப் பார்த்தால் வைத்தியம் போலவே இருக்காது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பது அதில் முதலாவது. தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டுமல்ல. தூக்கத்தைக் கெடுத்தால் அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். நம் ஊரில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். நாலரை மணி முகூர்த்தம், விடிய விடியச் சிவராத்திரி, இரவுப் பேருந்து, பரீட்சைத் தாள் திருத்தும் காலம். கல்யாணத்துக்கு முதல் நாளே போய், ஒன்பதரைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். "வந்தவ நாலு பேருகூட உட்கார்ந்து பேசலையே" என்று மனத்தாங்கல் வரும். வரட்டும் என்று விட்டுவிட அவள் கற்றுக்கொண்டாள். அது மாத்திரை விழுங்குவதைவிடக் கடினமான பாடம்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. இரவு லித்தியம் மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு, இரத்தம் கொடுக்க வேண்டும். நாளாவட்டத்தில் வைத்திருக்க வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவேலண்ட். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அதோடு சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. தாகம் எடுக்கும், எடை கூடும், காபி டம்ளரை எடுக்கும்போது கை லேசாக நடுங்கும். இதையெல்லாம் அவள் மருத்துவரிடம் மறைப்பதில்லை. சொல்லாமல் சகித்துக்கொண்டு ஒருநாள் மொத்தமாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதுவும் திடீரென்று நிறுத்தினால் எழுச்சி சீக்கிரமே திரும்பக்கூடும்.

சித்திரை வெயில் அவளுக்குத் தனிக் கவலை. வியர்வையில் உப்பு போனால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும்; மாத்திரையைக் கூட்டாமலே இரத்தத்தில் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, தண்ணீர் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாவற்றிலும் இதே கதைதான். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள்கூட அளவை ஏற்றிவிடும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், கை நடுக்கம் பெரிதானால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் "நான் லித்தியம் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் எதையும் வாங்குவாள். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் கணவரோடு மருத்துவரிடம் போய் உட்கார்ந்தாள். இந்த நோய்க்குக் கொடுக்கும் வால்புரோயேட், வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கேடு செய்யக்கூடியது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டியது. எதை எப்போது மாற்றுவது, பிரசவத்துக்குப் பிறகு இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது வரை முன்கூட்டியே பேசினார்கள். பிள்ளை பெற்ற அடுத்த சில வாரங்கள்தான் இந்த நோய் திரும்ப மிகவும் வாய்ப்புள்ள காலம். மாமியார் ராத்திரிப் பாலைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். மருத்துவம் என்று நான் நினைக்கும்போது அந்த அம்மாளும் அதில் இருக்கிறார்.

அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. "அண்ணே, நான் கொஞ்சம் சத்தமாச் சிரிச்சாப் போதும், எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறீங்க. எனக்கு சந்தோஷமே வரக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்டது நியாயம். அதற்கு அவளே ஒரு வழியும் கண்டாள். தன் எழுச்சி எப்படித் தொடங்குகிறது என்று தாளில் எழுதினாள்: நாலு மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாமல் எழுவது, பல வருடம் பேசாத தோழிகளுக்கு விடியற்காலையில் போன் செய்வது, ஒரே வாரத்தில் புடவைப் பொட்டலங்கள் வந்து குவிவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் கணவர் சொல்லலாம், அவள் அன்றே மருத்துவரைப் பார்ப்பாள். ஒன்றும் இல்லாமல் வெறுமனே சிரித்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பெரியப்பாவின் கயிற்றுக்கு என்ன ஆனது? ஒரேயடியாக அறுந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 2017இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும், மயக்க மருந்தில்லாத மின் அதிர்ச்சியையும் தடை செய்தது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு நிகராக மனநோயையும் சேர்க்கச் சொன்னது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. 14416 என்ற எண்ணை அழைத்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். இவையெல்லாம் வந்ததற்கு அந்த 28 பேரும் ஒரு காரணம். அவர்களை மறந்துவிட்டு இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

மாறாததும் நிறைய. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் 70.4 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அப்படியென்றால் என் தங்கையின் 'இன்று' பத்தில் மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் இன்னும் பெரியப்பாவின் காலத்தில் வாழ்கிறார்கள். லித்தியம் மாத்திரை மலிவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் சிற்றூர்க்காரர்கள் ஒருநாள் கூலியை விட்டு நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பரிசோதனையைத் தூரத்தில் வைப்பது பாதி வைத்தியம் என்பேன். கல்யாணப் பேச்சில் நோயை மறைப்பதும் அப்படியேதான் இருக்கிறது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போட முடியாமல் நிறுத்துகிறாள். ஆறு மாதத்தில் நோய் திரும்புகிறது. என் தங்கை விஷயத்தில் பெண் பார்க்க வந்த அன்றே சித்தப்பா சொல்லிவிட்டார். சில வரன்கள் தட்டிப்போயின. தெரிந்தே வந்தவர்தான் இன்று அவள் அறிகுறித் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொரு உரிமையும் தருகிறது. தனக்கு நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று தெளிவாக இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கலாம். சென்ற கோடை விடுமுறையில் அவள் எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். தன் சார்பில் பேசக் கணவரை நியமித்திருந்தாள். எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பெயரோடு எழுதியிருந்தாள். வீட்டாருக்கென்று தனியாக ஒரு தாளும் வைத்திருந்தாள்: ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தலைமை ஆசிரியையிடம் உள்ளதைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும், பாப்பாவிடம் அம்மா ஊருக்குப் போயிருப்பதாகப் பொய் சொல்லாதீர்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சரியானதும் வருவாள் என்று சொல்லுங்கள்.