கமலாவுக்கு விதித்த நிபந்தனைகள்

1933ல் பம்பாயிலிருந்து பெங்களூர் டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் கமலா பாக்வத், பி.எஸ்ஸி.யில் முதலிடம். இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் சர் சி.வி. ராமன். நோபல் பரிசு வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக இடமில்லை என்றுவிட்டார். கமலா நேரில் போய், விளக்கம் சொல்லுங்கள் என்று நின்றார். கடைசியில் இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. முதல் வருடம் அவர் முறையான மாணவி இல்லை. கைடு சொன்னால் ராத்திரியும் வேலை செய்ய வேண்டும். அவரால் ஆய்வகத்தில் மற்றவர்களின் கவனம் கெடக் கூடாது.

முதல் இரண்டும் கடுமைதான், ஆனால் ஆணுக்கும் சொல்லியிருக்கலாம். மூன்றாவதைப் பாருங்கள். அடுத்தவன் கவனம் சிதறினால் பழி இவர்மேல்!

ஒரு வருடம் கழித்து ராமனே திருப்தியடைந்து, முறையாகச் சேர்த்துக்கொண்டார். கமலா பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ் போய், தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தின் பங்கைக் கண்டு சொல்லி, 1939ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வேடு நாற்பதே பக்கம். இப்போது முன்னுரையே அந்த நீளத்துக்கு எழுதுகிறோம். திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், பெங்களூரில் பட்ட அவமானத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

இன்னொருவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1940ல் அதே பெங்களூருக்குப் போனவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி கொடுத்த வைரத்தோட்டை வேண்டாமென்று சொல்லி, என்சைக்ளோபீடியா கேட்டு வாங்கியவருக்கு ராமன் கொடுத்த வேலை, வைரங்களின் ஒளிர்வை ஆராய்வது. ஒளி மங்கல் என்பதால் போட்டோ தகட்டில் பதிய ஒரு வைரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும். பல நாள் லேபிலேயே தூங்கினார். ஆனால் ஆண் மாணவர்களோடு நின்று பேசினால் ராமனுக்குப் பிடிக்காது. ஆராய்ச்சியில் பாதி வேலை பேச்சில்தான் நடக்கிறது என்பது லேபில் இருந்தவர்களுக்குத் தெரியும்; அந்தப் பாதி அன்னாவுக்கு இல்லை. 1945ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லையே என்று பட்டம் தர மறுத்துவிட்டார்கள். கட்டுரைகள் அச்சேறியிருந்தன, ஆய்வேடும் பைண்டு செய்யப்பட்டு இருந்தது, பட்டம் மட்டும் இல்லை. அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்துத் திரும்பி, வானிலைத் துறையில் சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இந்தியாவிலேயே அவற்றைச் செய்ய வழி செய்தார்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். கமலாவின் அப்பாவும் பெரியப்பா, சித்தப்பா வரிசையில் ஒருவரும் அதே இன்ஸ்டிட்யூட்டில் வேதியியல் படித்தவர்கள். அன்னா மாணியின் அப்பா பொறியாளர், வசதியான குடும்பம். ராமனிடம் போய் ஏன் என்று கேட்கும் தைரியம் அப்படிப்பட்ட வீடுகளில் விளைந்தது. வீட்டில் படித்தவரே இல்லாத பெண் விண்ணப்பித்திருக்கவே மாட்டாள். அதனால் அவளை மறுத்ததாக எந்தக் குறிப்பும் இருக்காது.

இன்றைய மாற்றத்தை நான், யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதில்தான் பார்க்கிறேன். 2022 ஆகஸ்டில் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநரான ந. கலைச்செல்வி அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் வழியில் பள்ளி படித்தவர். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் தொடக்க நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து லித்தியம் பேட்டரியில் வேலை செய்தவர். 1942ல் தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆருக்கு ஒரு பெண் தலைமை ஏற்க எண்பது வருடம் ஆனது. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனவர். 2020-21 கணக்குப்படி நாட்டின் கல்லூரிகளில் அறிவியல் பிரிவில் 29.5 லட்சம் பெண்கள், 27.7 லட்சம் ஆண்கள்.

அப்படியானால் ஆய்வகங்களும் பெண்களால் நிறைந்திருக்க வேண்டுமே? 2018ல் ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர்களில் பெண்கள் ஆறில் ஒருவர்தான்.

இப்போது யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. பிஎச்.டி. முடிக்கும்போது வயது இருபத்தெட்டு, முப்பது. அதற்குள் கல்யாணம், குழந்தை, கணவருக்கு வேறு ஊரில் வேலை. இரண்டு வருடம் லேபை விட்டால் வெளியான கட்டுரைகளில் இடைவெளி விழுகிறது. நிரந்தரப் பணிக்கான விளம்பரத்திலோ வயது வரம்பு முன்னால் நிற்கிறது. தேர்வுக் குழு இடைவெளியைத்தான் பார்க்கும். காரணத்தை யார் கேட்கிறார்கள்?

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. இடையில் விட்டுப்போனவர்கள் திரும்பி வர, அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03லேயே பெண் விஞ்ஞானிகள் திட்டம் தொடங்கியது. யுஜிசியின் 2016 விதிகளில் பெண்களுக்குப் பிஎச்.டி. முடிக்க இரண்டு வருடம் கூடுதல், 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. கல்யாணமாகி ஊர் மாறினால் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. இந்தக் கடைசி விதியை எழுதியவர் வீட்டில் யாரோ அடிபட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு சரியாக இருக்கிறது. ஐஐடிகளில் மாணவிகளுக்கு 2018 முதல் கூடுதல் இடங்கள். பள்ளி மாணவிகளுக்கு விஞ்ஞான் ஜோதி திட்டம். பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்குத் தேசிய ஃபெல்லோஷிப். அந்தப் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும்போது வாடகையும் சாப்பாடும் கடனில்தான். பின்னால் தாங்க வீடு இருப்பவர் சமாளிக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரி வேலை தேடிப் போய்விடுகிறார்.

ராத்திரி விஷயமும் தலைகீழாகிவிட்டது. அன்று கமலாவை ராத்திரி வா என்றார்கள். பின்னாளில் ஹாஸ்டல் நேரத்துக்குள் வந்துவிடு என்றார்கள். 2015ல் டெல்லி மாணவிகள் பிஞ்ச்ரா தோட் (கூண்டை உடை) என்று இயக்கம் நடத்தியது இந்தப் பூட்டை எதிர்த்துத்தான். செல் வளர்ப்போ, கருவியில் கிடைத்த நேரமோ ஹாஸ்டல் கேட்டுக்காகக் காத்திருக்காது.

விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு அடுத்த கேள்வி குழந்தையை எங்கே விடுவது என்பது. 2017ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஃபெல்லோஷிப்பில் இருக்கும் ஆய்வு மாணவி பொதுவாக அந்த ஊழியர் கணக்கில் வருவதில்லை.